பாட்டுப் பெட்டிக்குக் காசு கொடுப்பது யார், எப்போது?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் புதுச்சத்திரம். ஜவ்வரிசி ஆலைகளும் கோழிப் பண்ணைகளும் சூழ்ந்த ஊர். இங்கே எந்த செல்போன் கடையில் நுழைந்தாலும் அலமாரியின் மேல்தட்டில் புளூடூத் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அறுநூறு, எழுநூறு ரூபாய்க்கு விற்கும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பென்டிரைவுக்கு ஒரு வாய், மெமரி கார்டுக்கு ஒரு பிளவு, ஆக்ஸ் வயருக்கு ஒரு துளை, எஃப்.எம்., புளூடூத், நிறம் மாறும் விளக்கு. சிலவற்றில் டார்ச்சும் உண்டு. செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு பள்ளமும் இருக்கும்.

இனி, ஐயாயிரம் ரூபாய் அளவில் விற்கும் அமேசான் எக்கோ டாட்டின் முதுகைப் பாருங்கள். கரண்ட் வயருக்கு ஒரே ஒரு துளை. முந்தைய மாடல்களில் இருந்த ஆக்ஸ் துளையையும் ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். பேட்டரி கிடையாது. எஃப்.எம். அலைவாங்கி கிடையாது. கார்டு, பென்டிரைவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வைஃபை இல்லாத வீட்டில் அது ஏறக்குறைய ஊமை.

காசு கூடினால் வசதியும் கூடும் என்பதுதான் நாம் பழகிய கணக்கு. மிக்ஸியில் ஜார் கூடும், ஃபிரிட்ஜில் கதவு கூடும். பாட்டுப் பெட்டியில் மட்டும் கணக்கு ஏன் தலைகீழாகப் போகிறது? தொழில்நுட்பம் மாறிவிட்டது என்பது பாதி பதில். ஒரு பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும், என்னென்ன இருக்கக் கூடாது என்பதை, அதற்கான காசு யாரிடமிருந்து எப்போது வருகிறது என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. கடையில் ஒரே தடவை காசு வாங்குகிறவன் ஒரு மாதிரிப் பெட்டி செய்வான். மாதாமாதம் வாங்கப்போகிறவன் வேறு மாதிரி செய்வான். நம் வீட்டுக்கு வரும் பெட்டி எந்த வகை என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட விலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என் புகார்.

முதலில் அறுநூறு ரூபாய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே தீப்பெட்டியளவு ஒரு போர்டு, அதன் நடுவில் நகத்தளவு ஒரு சீன சிப், மூன்று வாட் ஸ்பீக்கர் ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று. ஸ்டீரியோ போலத் தெரிவதற்காக மறுபக்கம் ஒரு வெற்று வலை. புளூடூத், எஃப்.எம்., கார்டு, பென்டிரைவ் எல்லாம் அந்த ஒரே சிப்புக்குள் அடக்கம். சிப் செய்கிறவர் கோடிக்கணக்கில் அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசதியைக் குறைத்துச் செய்வதுதான் அவருக்குச் செலவு. ஆகவே எல்லாம் சும்மா வருகின்றன. சும்மா வருவதையெல்லாம் இந்தப் பெட்டி அள்ளித் தருகிறது. காசு கேட்பதில் கை வைக்கிறது. எஃப்.எம்.முக்கு நீட்டுகிற ஏரியலுக்குக் காசு ஆகும், அதனால் சார்ஜர் வயரே ஏரியல். வயரைச் செருகினால்தான் ஸ்டேஷன் ஒழுங்காக எடுக்கும். காந்தத்தின் எடை குறையும். பேட்டரி சிறுக்கும். எண் காட்டும் சின்னத் திரைகூட இருக்காது. எண்ணூறு பாட்டு ஏற்றிய பென்டிரைவில் வேண்டிய பாட்டுக்குப் போக 'நெக்ஸ்ட்' பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நம் மக்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: சாமி பாட்டுக்கு ஒரு பென்டிரைவ், டி.எம்.எஸ்.ஸுக்கு ஒன்று, இளையராஜாவுக்கு ஒன்று. திரை இல்லாத குறையைப் பென்டிரைவின் நிறம் தீர்த்து வைக்கிறது.

இந்தப் பெட்டியை வாங்க வருகிறவரின் முதல் கேள்வி ஒலி எப்படி இருக்கும் என்பதில்லை. "ஏனுங்ண்ணா, பாட்டு ஏத்திக் குடுப்பீங்ளா?" என்பதுதான். கடைக்காரர் ஏற்றித் தருவார். பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. ஆனால் அந்தப் பென்டிரைவ் வாய் அங்கே இருப்பதற்கு அதுவே காரணம். பாட்டுக்கு யாரும் காசு கொடுக்காத சந்தைக்காகச் செய்த பெட்டி அது. எக்கோவில் அந்த வாய் இல்லாததற்கும் இதையே திருப்பிப் போட்டால் போதும்: அதன் பாட்டு ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு மீட்டர் ஓடுகிறது, மீட்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வாசலை எந்த வியாபாரி திறந்து வைப்பார்?

இதற்கு நடுவில் மூன்றாவது ஒரு வகை இந்தப் பகுதியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 4440 ஐ.சி. என்றால் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஜப்பானின் சான்யோ கம்பெனி வடிவமைத்த எல்.ஏ.4440 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப் அது. பன்னிரண்டு வோல்ட்டில் வேலை செய்யும், லாரி கேபினுக்கும் ஒத்துவரும், வீட்டுக்கும் ஒத்துவரும். போர்டு இவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் இவ்வளவு, பாஸ் - டிரெபிள் திருகு வேண்டுமானால் இவ்வளவு, மரப்பெட்டி வேண்டுமானால் இவ்வளவு என்று மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதும் இதே முறைதான். சேசிஸ் கம்பெனியிலிருந்து வரும், மற்றதெல்லாம் முதலாளியின் விருப்பமும் பணமும். எந்த வசதிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும் வியாபாரம் அது. மேல்தட்டில் பளபளக்கும் பெட்டிகளில் அந்தத் துண்டுச் சீட்டு கிடையாது.

காசு வாங்கும் முறை பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பது செல்போன் காலத்தில் தொடங்கியதல்ல. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்துத் தபாலாபீசில் பணம் கட்டிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டத்தில் வேர் பிடித்த முறை அது. பெட்டி எத்தனை பேண்ட் என்பதைப் பொறுத்துச் சலுகை வந்தது; ஒரு பேண்ட், இரண்டு பேண்ட் பெட்டிகளுக்கு முதலில் விலக்கு கொடுத்து, 1980-களில் லைசென்ஸ் முறையே ஒழிந்தது. பேண்ட் குறைந்தால் பெட்டியின் விலையும் குறைவு. ஆனால் மீடியம் வேவ் மட்டும் எடுக்கும் மலிவுப் பெட்டியில் சிற்றலையில் வருகிற எதுவும் கேட்காது.

சிற்றலை ஏன் வேண்டும்? 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். சினிமாப் பாட்டுக் கேட்க வேண்டியவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை இதுதான் நிலை. வந்த பிறகும் இலங்கையை விட்டு வர மனமில்லாதவர்கள் ஏராளம். ஆக, வீட்டில் எந்தப் பாட்டு கேட்டது என்பதை அப்பா வாங்கிய பேண்டும் அவர் கட்டிய கட்டணமும் சேர்ந்துதான் முடிவு செய்தன. பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்டவர்களுக்கு அந்தத் தேர்வும் இல்லை. ரேடியோ அறையின் சாவி யார் கையில் இருந்ததோ அவர் திருப்பிய ஸ்டேஷன்தான் ஊருக்கு.

அன்றைய முறையில் ஒரு நேர்மை இருந்தது என்பேன். லைசென்ஸ் புத்தகம் கையில் இருந்தது. ஆண்டுக்கு எவ்வளவு என்பது அதில் இருந்தது. பணம் கட்டாவிட்டால் அபராதம் வரலாம், ஆனால் பெட்டி தானாக வாயை மூடிக்கொள்ளாது.

2017-ல் இந்தியாவில் இரண்டு பாட்டுப் பெட்டிகள் ஐந்து மாத இடைவெளியில் சந்தைக்கு வந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் சொல்ல வந்தது பளிச்சென்று தெரியும்.

ஒன்று, சரிகமாவின் 'கார்வான்'. பழைய டிரான்சிஸ்டர் தோற்றம், உள்ளே ஐயாயிரம் பழைய பாட்டு, ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். இந்தியில் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் வந்தது. இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம், விளம்பரம் கிடையாது. திருகைத் திருப்பினால் ஒரு பாடகர், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஓர் இசையமைப்பாளர். பேட்டரி உண்டு, எஃப்.எம். உண்டு, பென்டிரைவ் வாய்கூட உண்டு. செயலிகளும் ஸ்மார்ட்போனும் உலகைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் இப்படியொரு பெட்டி ஓடுமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். லட்சக்கணக்கில் ஓடியது.

இந்த விலையில் ஐயாயிரம் பாட்டைக் கொடுக்க எல்லோராலும் முடியாது. சரிகமாவால் முடிந்ததற்குக் காரணம் அதன் வயது. 1901-ல் கல்கத்தாவில் கடை விரித்த கிராமபோன் கம்பெனியின் வாரிசு அது. நம் தாத்தாக்கள் 'நாய் படம் போட்ட ரெக்கார்டு' என்று சொன்ன எச்.எம்.வி.யும், கொலம்பியா, ஓடியன் முத்திரைகளும் அதன் வசம். 2000-ல்தான் சரிகமா என்று பெயர் மாறியது. பாட்டு தன்னுடையது என்பதால் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று வெளியாருக்கு ஓயாமல் அளந்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு, காலமெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடிந்தது.

குறைகளும் இதே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. கார்வானில் என்ன பாட்டு இருக்கிறது என்பது சரிகமாவின் பீரோவில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரெக்கார்டு காலத்துப் பாட்டுகள் நிறைய. எண்பதுகளில் கேசட் வந்து, எக்கோ போன்ற புதுக் கம்பெனிகள் உரிமை வாங்கத் தொடங்கிய பிறகு (அமேசானின் எக்கோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) பட்டியல் மெலிகிறது. ஒரே இளையராஜாவின் ஒரு படப் பாட்டு கிடைக்கும், அடுத்த படப் பாட்டு கிடைக்காது. கேட்கிறவருக்கு இதன் தர்க்கம் புரியாது. பட்டியலில் புதுப் பாட்டு ஏறாது. விரும்பிய பாட்டைப் பெயர் சொல்லித் தேடும் வசதியும் பெட்டியில் இல்லை. பெரியவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்பது விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேடல் வைத்தால் இல்லாத பாட்டுகளும் தெரிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கார்வானின் வடிவத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை வாங்குகிறவரும் கேட்கிறவரும் வேறு வேறு ஆட்கள். பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் மகன் வாங்குகிறான், ஊரில் அம்மா கேட்கிறார். பரிசுப் பொருளுக்கு மாதத் தவணை ஒத்துவராது. கொடுத்த அன்றோடு கணக்கு முடிய வேண்டும். அம்மாவுக்கு ஆப் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது. ஆறாயிரம் ரூபாயை அம்மாவிடமே கேட்டிருந்தால் "எதுக்குப்பா இவ்வளவு, ரேடியோவே போதும்" என்றிருப்பார். சில நூறு பாட்டு மட்டும் உள்ள 'மினி' அதன் பின்னால் குறைந்த விலையில் வந்தது. பாட்டைச் சேமிக்கும் சில்லுக்கு இன்று பெரிய விலை இல்லை; ஐயாயிரத்தையும் அதிலேயே வைத்திருக்கலாம். ஐயாயிரத்தையும் வைத்தால் பெரிய பெட்டியை யார் வாங்குவார்? வசதியைக் குறைப்பதே ஒரு விலைப்பட்டியலாகும் இடம் இது.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யின் ஒலிப்பதிவு உரிமை 2010-உடன் முடிந்துவிட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகள் தனி. அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு பழைய ஒலிப்பதிவுகள் பொதுவாகிக்கொண்டே வருகின்றன, ஆனால் பழைய பாட்டுப் பெட்டி எதிலும் அதற்காக விலை குறைந்ததாகத் தெரியவில்லை.

கார்வானோடு அதே ஆண்டு வந்த இன்னொரு பெட்டி அமேசானின் எக்கோ. 2017 அக்டோபரில் அழைப்பு அனுப்பி விற்றார்கள். எக்கோ 9,999 ரூபாய், சின்ன டாட் 4,499. அறிமுகச் சலுகையில் இன்னும் குறைவு. 2018-ல் கூகுள் ஹோம் மினி அதே 4,499-க்கு வந்தது. இரண்டு எதிரிகள் ஒரு ரூபாய் பிசகாமல் ஒரே விலை வைத்தார்கள் என்றால், அந்த விலைக்கும் பெட்டியைச் செய்யும் செலவுக்கும் தொடர்பு குறைவு என்று அன்றே யோசித்திருக்கலாம். கருவியை அடக்க விலைக்கே விற்கிறோம், மக்கள் அதைப் பயன்படுத்தும்போதுதான் எங்களுக்கு லாபம் என்று ஜெஃப் பெஸாஸ் கிண்டிலைப் பற்றி 2012-லேயே சொல்லியிருந்தார். எக்கோவும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் மக்கள் அதனிடம் பொருள் ஆர்டர் செய்யவில்லை. பாட்டுப் போடச் சொன்னார்கள், மழை வருமா என்று கேட்டார்கள், அலாரம் வைத்தார்கள். 2017 முதல் 2021 வரை அமேசானின் கருவிப் பிரிவு 2,500 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டதாக 2024-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

நஷ்டத்தில் விற்ற பெட்டிக்குள் லாபம் வரும் வழி ஒன்று இருந்தாக வேண்டும். எக்கோவின் வசதிகளை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஆக்ஸ் துளை ஏன் போனது? மிச்சமாகும் சில்லறை ஒரு காரணமாக இருக்கலாம்; டாட்டை வீட்டில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் செருகிக்கொண்டால் அமேசானின் பெரிய மாடல் விற்காது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 2022 நவம்பரில் பிரைம் சந்தாதாரர்களுக்குப் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பத்துக் கோடியாக உயர்த்தினார்கள். கூடவே, கேட்ட பாட்டு கேட்டவுடன் வராது, கலைத்துப்போட்டுத்தான் வரும் என்றும் மாற்றினார்கள். வேண்டிய பாட்டு வேண்டுமென்றால் தனிச் சந்தா. வாங்கி வைத்த பெட்டி அதேதான். ஒரு நாள் இரவில் அதன் வேலை மாறிவிட்டது. 2025-ல் அறிவித்த புதிய அலெக்ஸா பிளஸுக்கு அங்கே பிரைம் இல்லாதவர்களிடம் மாதம் 19.99 டாலர் விலை சொன்னார்கள்.

இந்தியாவுக்கென்று இறங்கிவந்த ஒரு நேரமும் உண்டு. 2019 டிசம்பரில் 4,800 எம்.ஏ.ஹெச். பேட்டரியோடு, சொருகாமலே பத்து மணி நேரம் பாடும் ஒரு எக்கோவை இந்தியச் சந்தைக்காகவே கொண்டுவந்தார்கள். கரண்ட் போய் வரும் ஊர்களுக்கு அது பொருத்தம். அதே ஆண்டு செப்டம்பரில் அலெக்ஸா இந்தி பேசத் தொடங்கியது. பேட்டரியும் மொழியும் செலவு; எத்தனை பேர் காசு கொடுப்பார்கள் என்று பார்த்துத்தான் அந்தச் செலவைச் செய்வார்கள். தமிழுக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை. டி.எம்.எஸ். பாட்டைக் கேட்க ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டளையிட வேண்டும், அதுவும் அதற்குப் புரியும் உச்சரிப்பில்.

புதுச்சத்திரம் போன்ற ஊரில் இன்னொரு முட்டுக்கட்டை வைஃபை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிவானது உண்மை. நல்ல தரத்தில், நொடிக்கு 160 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் 72 எம்.பி.தான் தீரும், ஒரு நாள் பாக்கேஜில் அது தூசு. ஆனால் அந்த டேட்டா வீட்டுக்கு வருவதில்லை, செல்போனுக்குள் வருகிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் ஸ்பீக்கர், வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போன நிமிஷமே நின்றுவிடும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி இழுக்கும் திட்டம் நடக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வருவதற்கும் ஒரு வீட்டின் கூடத்துக்கு மாதக் கட்டணத்தில் இணைப்பு வருவதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கரின் விலைச்சீட்டில் அந்தக் கட்டணம் இருக்காது.

பெட்டியை விட்டுப் பாட்டுச் செயலிக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் மாதம் 119 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய் என்று ஒரு மினி திட்டமும் வைத்தார்கள். ஷாம்பூவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி விற்கும் வித்தையைக் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் நாட்டுக்கே கற்றுக்கொடுத்தாரே, அந்த வழிதான். ஆனால் சாஷேயில் இருக்கும் ஷாம்பூவும் புட்டியில் இருக்கும் ஷாம்பூவும் ஒரே ஷாம்பூ. பாட்டில் அப்படி விடவில்லை. 2023 அக்டோபரில் இலவசமாகக் கேட்பவர்களுக்கு, விரும்பிய வரிசையில் கேட்பது, பாட்டின் நடுவில் தள்ளிப் போவது, திரும்பக் கேட்பது ஆகியவற்றை நிறுத்தினார்கள். 2025 நவம்பரில் மூன்று படி வந்தது: 139 ரூபாய், 199 ரூபாய், 299 ரூபாய். படி ஏற ஏற ஒலித்தரம் கூடும். துல்லியமான ஒலி உச்சப் படிக்கு மட்டும். யூடியூபில் காசு கட்டாவிட்டால் செல்போன் திரையை அணைத்தவுடன் பாட்டு நின்றுவிடும். அறுநூறு ரூபாய் ஸ்பீக்கரோடு போனை இணைத்து, அடுப்படியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஒருவர் திரையை அணைக்காமலே பேட்டரியைத் தின்னவிட வேண்டும்.

திரை அணைந்தால் பாட்டு நிற்க வேண்டும் என்று எந்தத் தொழில்நுட்ப விதியும் இல்லை. பாட்டைத் திரும்பக் கேட்பது ஒரு கேசட் பிளேயர் செய்த வேலை. நன்றாக ஓடுவதை வேண்டுமென்றே கெடுத்து, கெடுக்காமலிருக்க விலை கேட்கும் வழக்கம் இது. மலிவுப் பெட்டியில் ஏரியல் இல்லாததை நான் குறை சொல்ல மாட்டேன்; அங்கே காசு மிச்சமாகிறது, அந்த மிச்சம் விலையில் தெரிகிறது. இங்கே எதுவும் மிச்சமாவதில்லை. பூட்டுப் போடுவதற்குத்தான் கூடுதல் வேலை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. பாட்டை உருவாக்கியவர்களுக்குக் காசு எங்கிருந்து வரும்? பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த கடைக்காரரிடமிருந்து ஒரு பைசா போகவில்லை. இந்தியர்கள் பாட்டுக்குச் சந்தா கட்டுவது குறைவு என்பதால்தான் வாடிக்கையாளரை விளம்பரத்தாலும் குறைபாட்டாலும் நெருக்குகிறோம் என்கின்றன நிறுவனங்கள். இலவசமாக ஊட்டி வளர்த்த சேவைகள் நிலைக்கவில்லை என்பதும் உண்மை: ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு மூடியது, ஏர்டெல்லின் விங்க் மியூசிக் அதே ஆண்டு மூடியது. மூடியதும் அதில் வருஷக்கணக்காகச் சேர்த்த பிளேலிஸ்ட் எங்கே? சந்தா கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கரோடு மாதம் 199 ரூபாய் சேர்ந்தால் ஐந்து ஆண்டில் 11,940 ரூபாய்; பெட்டியின் உண்மை விலை பதினேழாயிரத்தை நெருங்குகிறது. அந்தப் பதினேழாயிரத்தை வாங்கும்போதே தெரிந்துகொண்டு கட்டுவது வேறு, அகப்பட்டுக்கொண்ட பிறகு கட்டுவது வேறு.

அப்படியானால் முழுக் காசையும் முன்னாலேயே கொடுத்து உயர்ந்த பெட்டி வாங்கியவர்கள் தப்பித்தார்களா? அமெரிக்காவின் சோனோஸ் கம்பெனியைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீடு முழுக்க அறைக்கு அறை ஒரே பாட்டைப் பாட வைக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பேர்போனது. இந்திய விலையில் ஒவ்வொன்றும் பல பத்தாயிரம். சோனோஸுக்கு மாதச் சந்தா வருமானம் பெரிதாக இல்லை, பெட்டி விற்றால்தான் பிழைப்பு. நன்றாக உழைக்கும் பழைய பெட்டி அதற்குப் போட்டி. 2020 ஜனவரியில், பழைய மாடல்கள் சிலவற்றுக்கு மே மாதத்தோடு புதுப்பிப்பு நிற்கும் என்று அறிவித்து வாங்கிக்கட்டிக்கொண்டது. 2024 மே மாதம் ஆப்பை அடியோடு மாற்றியதில், அலாரம், உறக்க டைமர் போன்ற பழகிய வசதிகள் காணாமல் போயின. பழைய பெட்டிக்காரர்கள் தவிக்க, அடுத்த மாதமே சோனோஸின் புது ஹெட்போன் கடைக்கு வந்தது. வாடிக்கையாளர் கோபம் ஓயாமல், 2025 ஜனவரியில் தலைமை அதிகாரியே பதவி விலக வேண்டியதாயிற்று. இதில் கூகுளையும் சேர்க்க வேண்டும்: சோனோஸின் ஐந்து காப்புரிமைகளைக் கூகுள் மீறியதாக 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்புச் சொன்னதும், கூகுள் தன் ஸ்பீக்கர்களில் எல்லா அறைகளின் ஒலியையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும் வசதியை எடுத்துவிட்டது. காப்புரிமைக்குக் கட்டணம் கட்டுவதைவிட வசதியை எடுப்பது மலிவு. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு யாரும் பத்து ரூபாய் திருப்பித் தரவில்லை.

4440 போர்டு போட்ட பெட்டியில் இப்படி நடக்க வழியில்லை. அதில் பழுது வரும், ஹம் வரும், ஐ.சி. சூடாகிப் போகும். போனால் ஒரு ஐ.சி.யை மாற்றிவிடலாம். அறுநூறு ரூபாய்ப் பெட்டியிலும் பேட்டரி உப்பினால் சால்டரிங் அயர்ன் வைத்து வேறு மாற்றித் தருவார்கள். பசை போட்டு ஒட்டி, சர்வரின் தயவில் வாழும் பெட்டிக்குப் புதுச்சத்திரத்தில் வைத்தியம் கிடையாது. சேலத்திலும் கிடையாது.

இதைச் சரிசெய்யப் புதிதாக ஒரு சட்டம் எழுத வேண்டியதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான சட்ட அளவையியல் விதிகள் 2011-லிருந்து இருக்கின்றன. அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், எந்த நாட்டில் செய்தது, புகாருக்கு எந்த எண் என்பதெல்லாம் அட்டையில் அச்சிட்டாக வேண்டும். இணையத்தோடு இணையும் பெட்டிகளுக்கு மட்டும் மூன்று வரி சேர்க்கலாம். எந்தத் தேதி வரை புதுப்பிப்பு உறுதி. இணையம் இல்லாமல் எதெல்லாம் வேலை செய்யும். சந்தா கட்டாவிட்டால் எது நிற்கும். முதல் வரி பிரிட்டனில் வந்தேவிட்டது: குறைந்தபட்சம் எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதை வெளியிடாமல் இணையக் கருவி எதையும் அங்கே 2024 ஏப்ரல் 29-லிருந்து விற்க முடியாது. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பொருளுக்கு மதிப்பெண் போடும் திட்டத்தைப் பற்றிய குழு அறிக்கையை 2025-ல் பெற்றுக்கொண்டது. செல்போனும் டேப்லெட்டும் முதலில் வருகின்றன. அடுத்த பட்டியலில் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தும் பொருள் அது, செல்போனைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்க வேண்டியது.

விலைச்சீட்டில் உண்மை எழுதச் சொன்னால் பெரிய கம்பெனிகள் மட்டும் அகப்படாது. மூன்று வாட் ஸ்பீக்கரை உள்ளே வைத்து அட்டையில் 1,000 வாட் என்று அச்சடிக்கிறவர்களும் அகப்படுவார்கள். புதுச்சத்திரத்தின் மேல்தட்டுப் பெட்டிகளில் பாதிக்கு மேல் அப்போது புது அட்டை தேடவேண்டி வரும். அந்தச் செலவுக்காக நாலைந்து ரூபாய் விலை ஏறினாலும் பரவாயில்லை.